மஞ்சள் லைட் எரியுது, ஊர் வரைக்கும் ஓட்டலாமா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரே ஒரு வாய்ஸ் நோட்டை வச்சுத்தான் மொத்த எபிசோடும். அனுப்பினவர் சென்னையில ஓஎம்ஆர்ல வேலை பார்க்கிறார். சொந்த ஊர் வடக்குத்து. நெய்வேலி தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: சென்னையில இருந்து கும்பகோணம் போற ரோட்டுல, பண்ருட்டி தாண்டி, நெய்வேலி ஆர்ச் கேட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஊர். பேரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். அதனால தம்பின்னே வச்சுக்கறேன்.

தம்பி நாலு மாசம் முன்னாடி ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கார். 2017 மாடல். வீட்டுக்கும் ஆபீசுக்கும்தான் ஓட்டினது, ஊருக்கெல்லாம் ட்ரெயின், பஸ்தான். போன மாசம் முதல் தடவையா வண்டியிலேயே ஊருக்குக் கிளம்பினார். கூட அக்கா, அக்காவோட கைக்குழந்தை. திண்டிவனத்துல நிறுத்தி டீ. திரும்பக் கிளம்பி விக்கிரவாண்டி, பண்ருட்டி எல்லாம் தாண்டியாச்சு. காடாம்புலியூர் கிட்ட வரும்போது மணி ராத்திரி ஒன்பதரை. மீட்டர்ல இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் எரியுது. வண்டியில எந்த மாற்றமும் இல்ல. இழுவை இருக்கு, சத்தம் இல்ல, டெம்பரேச்சர் சரியா இருக்கு. வீடு இன்னும் பதினஞ்சு நிமிஷம். அக்கா சொல்றாங்க, "ஓரமா நிறுத்துடா." இவருக்கு அந்த இருட்டுல, ரோடு வேலை நடக்கிற இடத்துல, குழந்தையோட நிறுத்தத் தயக்கம்.

அவர் நிறுத்தல, மெதுவா ஓட்டி வீட்டுக்குப் போயிட்டார். அது சரியா தப்பான்னுதான் முதல் கேள்வி. ரெண்டாவது கேள்வி காசு பத்தினது. மறுநாள் காலையில ஒரு ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் போட்டுப் பார்த்திருக்காங்க. பி0420-ன்னு ஒரு கோடு வந்திருக்கு. "கேட்டலிடிக் கன்வர்ட்டர் போயிடுச்சு, மாத்தணும்." சொன்ன தொகை இவரோட ஒரு மாசச் சம்பளத்தைவிட அதிகம். இன்னொரு இடத்துல, "அவ்வளவு செலவு எதுக்கு சார், உள்ள இருக்கிற தேன்கூட்டை உடைச்சு எடுத்துட்டு, லைட் வராத மாதிரி சென்சாருக்கு ஒரு அட்டாப்டர் போட்டுத் தர்றோம்"னு சொல்லியிருக்காங்க. தம்பி கேட்கிறார்: "அண்ணா, இதுல எதைப் பண்றது?"

ரெண்டையும் பண்ண வேண்டாம்னு அன்னிக்கே பதில் அனுப்பிட்டேன். ஏன்னு இப்ப விரிவா பேசுவோம்.

நிறுத்தணுமா, ஓட்டலாமா

முதல்ல அந்த ராத்திரி. லைட்டோட கலர்தான் முதல் செய்தி. சிவப்புன்னா இப்பவே நிறுத்து. மஞ்சள்னா சீக்கிரம் காட்டு. கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனியும் இதைத்தான் பின்பற்றுது.

சிவப்புல ரெண்டு ரொம்ப முக்கியம். ஒண்ணு, எண்ணெய்க் குடுவை மாதிரி, மூக்குல இருந்து சொட்டு விழற படம். அது ஆயில் பிரஷர். ஆயில் லெவல் கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம் இல்ல, இன்ஜினுக்குள்ள ஆயில் அழுத்தமே இல்லன்னு அர்த்தம். ஓடிட்டு இருக்கும்போது அது எரிஞ்சா, ஓரம்கட்டி உடனே இன்ஜினை ஆஃப் பண்ணணும். "பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிடலாம்"னு நினைச்சா, அந்த ரெண்டு கிலோமீட்டர்ல இன்ஜினே போயிடலாம். இன்னொண்ணு தெர்மாமீட்டர் படம். ஏசியை ஆஃப் பண்ணுங்க, ஹீட்டரை ஃபுல்லா வைங்க. வேர்க்கும், பரவாயில்ல, இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வெளிய எடுக்கும். ஓரம்கட்டி ஆஃப் பண்ணிட்டு காத்திருங்க. ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க. சூட்டுல திறந்தா கொதிக்கிற தண்ணி முகத்துல அடிக்கும்.

மஞ்சள் இன்ஜின் லைட்டுக்கு ரெண்டு நிலைமை இருக்கு. எரிஞ்சுட்டே நிக்குது, வண்டி எப்பவும் போல ஓடுதுன்னா, ஆக்சிலேட்டரை அழுத்தாம நிதானமா வீட்டுக்கோ ஒர்க்‌ஷாப்புக்கோ போகலாம். விட்டு விட்டு மின்னுதுன்னா கதை வேற. ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியலன்னு அர்த்தம். இதை மிஸ்ஃபயர்னு சொல்வாங்க. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், கன்வர்ட்டருக்குள்ள எரியும். உள்ள இருக்கிற தேன்கூடு உருகிப் போகிற அளவுக்குச் சூடாகும். சில ஆயிரத்துல முடியற வேலை பல பத்தாயிரத்துக்குப் போறது இந்த இடத்துலதான். மின்னினா வேகத்தைக் குறைச்சு, பாதுகாப்பான முதல் இடத்துல நிறுத்திடுங்க.

தம்பிக்கு லைட் நின்னு எரிஞ்சது, வேற அறிகுறி இல்ல. அதனால அந்த ராத்திரி அவர் செஞ்சது சரி. அக்கா பயந்ததும் நியாயம்தான், இதையெல்லாம் நமக்கு யாரும் சொல்லித் தர்றதில்லையே. டிரைவிங் ஸ்கூல்ல எட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தாங்க, மீட்டர்ல இருக்கிற ஒரு படத்தைப் பத்தியும் பேசல.

கோடு என்ன சொல்லுது, என்ன சொல்லல

இந்த லைட் எதுக்காக வந்ததுன்னு தெரிஞ்சா பாதிக் குழப்பம் தீரும். இது வண்டி ரிப்பேரைக் காட்டறதுக்காகப் பிறந்தது இல்ல. புகைக்காகப் பிறந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ்ல புகைமூட்டம் தாங்காம, கலிஃபோர்னியா மாநிலம் 1988 மாடல் கார்கள்ல இருந்து, "உன் புகைக் கட்டுப்பாட்டுக் கருவி கெட்டுப் போனா நீயே ஓட்டுநர்கிட்ட சொல்லு"ன்னு கார்களுக்கு விதி போட்டது. 1996 மாடல்ல இருந்து அமெரிக்கா முழுக்க எல்லாக் காருக்கும் ஒரே மாதிரி போர்ட், ஒரே மாதிரி கோடு. அதான் ஓபிடி டூ. நம்ம ஊர்ல பிஎஸ் 4 விதியோட 2010 ஏப்ரல்ல முதல் கட்டம், 2013 ஏப்ரல்ல ரெண்டாவது கட்டம். அதுக்குப் பிறகு வந்த கார்னா, ஸ்டியரிங்குக்குக் கீழ தடவிப் பாருங்க, 16 பின் இருக்கிற ஒரு சாக்கெட் இருக்கும். இப்ப பைக்குக்கும் இது வந்தாச்சு.

அதனால இந்த லைட்டோட அடிப்படை அர்த்தம் "புகை அளவு கூடியிருக்கலாம்"ங்கறதுதான். வண்டி நல்லா ஓடும்போதே இது எரியறதுக்குக் காரணமும் அதான்.

கோடைப் படிக்கறது ரொம்ப சுலபம். முதல் எழுத்து பி-ன்னா இன்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்டது. அடுத்து வர்ற 0, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடுன்னு காட்டும். அங்க 1 இருந்தா அந்தக் கம்பெனியோட சொந்தக் கோடு, கூகுள்ல தேடினா வேற கம்பெனி அர்த்தம் வந்து குழப்பும். மூணாவது இடம் எந்தப் பகுதின்னு சொல்லும். 1, 2 வந்தா காத்தும் பெட்ரோலும். 3 வந்தா இக்னிஷன், மிஸ்ஃபயர். 4 வந்தா புகைக் கட்டுப்பாடு. தம்பிக்கு வந்தது 4.

பி0420-க்கு எழுதியிருக்கிற அர்த்தம் "கன்வர்ட்டரின் செயல்திறன் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கு"ங்கறது. "கன்வர்ட்டரை மாத்து"ன்னு எழுதல. இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் நம்ம காசு போகுது.

இதைப் பத்தி தம்பியோட அப்பா சொன்னதை அவர் வாய்ஸ் நோட்டுல சேர்த்திருந்தார். அப்பா அனல்மின் நிலையத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். காரைப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாதாம். ஆனா சொன்னாராம்: "அலாரம் அடிச்சா எங்க அடிக்குதுன்னு பார்ப்போம். எதனால அடிக்குதுன்னு தேடுவோம். அலாரத்துல எந்தப் பேரு வந்துச்சோ அதைக் கழட்டித் தூக்கிப் போட மாட்டோம்டா."

நெய்வேலிக்காரங்களுக்கு இது புதுசு இல்ல. அங்க நிலக்கரிப் படிவத்துக்கு அடியில நிலத்தடி நீர் பயங்கர அழுத்தத்தோட மேல முட்டிக்கிட்டு நிக்கும். 24 மணி நேரமும் பம்ப் பண்ணி அந்த அழுத்தத்தைக் குறைச்சாத்தான் சுரங்கத்தோட தரை பிளக்காம இருக்கும். ஒரு இடத்துல அழுத்தம் ஏறுதுன்னு அளவு காட்டினா, பம்ப் நின்னிருக்கலாம், கரன்ட் போயிருக்கலாம், அளக்கிற கருவியே கெட்டிருக்கலாம். ஒவ்வொண்ணா பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும்.

பி0420-க்குப் பின்னாடி

காருக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர், ஈசியூ, இந்த முடிவுக்கு எப்படி வருது? கன்வர்ட்டருக்கு முன்னாடி ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னாடி ஒண்ணு. இந்த மாதிரி சென்சாரை 1976-ல வால்வோ கார்ல முதல்ல போட்டது பாஷ் கம்பெனி. உள்ள ஒரு பீங்கான். முந்நூறு டிகிரிக்கு மேல சூடானாத்தான் வேலை செய்யும். புகையில ஆக்சிஜன் குறைவா இருந்தா 0.9 வோல்ட் பக்கம் காட்டும், அதிகமா இருந்தா 0.1 பக்கம். முன்னாடி இருக்கிற சென்சார் ஓயாம மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கும். அது ஆடணும், பெட்ரோல் அளவை ஈசியூ கூட்டிக் குறைச்சுட்டே இருக்கறதால வர்ற ஆட்டம் அது. கன்வர்ட்டர் நல்லா இருந்தா அந்த ஆட்டத்தை உள்ளயே அமுக்கிடும். பின்னாடி சென்சார் 0.6, 0.7-ன்னு அமைதியா நிக்கும். பின்னாடி இருக்கறதும் முன்னாடி மாதிரியே ஆட ஆரம்பிச்சா, "நடுவுல இருக்கறது வேலை செய்யல"ன்னு ஈசியூ முடிவு பண்ணுது.

யோசிச்சுப் பாருங்க, ஈசியூ கன்வர்ட்டரை நேரா பார்க்கவே இல்ல. ரெண்டு சென்சார் சொல்றதை ஒப்பிட்டு ஊகிக்குது. பின்னாடி சென்சார் வயசாகியிருக்கலாம். சைலன்சர் இணைப்புல கேஸ்கட் ஓட்டையா இருக்கலாம். புகை துடிப்பு துடிப்பா வெளிய வரும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அந்த ஓட்டை வெளிக்காத்தை உள்ள இழுக்கும். சென்சார் அந்தக் காத்துல இருக்கிற ஆக்சிஜனைப் பார்த்து ஏமாறும். இல்ல, நிஜமாவே கன்வர்ட்டர் செத்துப் போயிருக்கலாம். அப்பவும் அது ஏன் செத்ததுன்னு பார்க்கணும். இன்ஜின் ஆயிலை எரிக்குதா, பழைய மிஸ்ஃபயர் இருக்கா? காரணத்தை விட்டுட்டுப் புதுசு போட்டா, அதுவும் போகும்.

தேன்கூட்டை உடைச்சு எடுக்கற யோசனை பத்தியும் சொல்லிடறேன். 1995 ஏப்ரல்ல சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமாச்சு. அதுக்காகவே ஈயம் இல்லாத பெட்ரோலைக் கொண்டுவந்தாங்க. உள்ள இருக்கிற பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்தான் அதோட விலை. உடைச்சு எடுக்கிற பொருள் எங்க போகுதுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. தம்பி வண்டியில கழட்டிப் போடறதுக்கும் காசு கேட்டிருக்காங்க! சட்டப்படியும் தப்பு. அந்த வண்டிக்குப் பின்னாடி பைக்ல போறவன் மூச்சு விடறதும் அந்தப் புகையைத்தான்.

அழிக்கறதுக்கு முன்னாடி படிங்க

தம்பிகிட்ட நான் கேட்ட முதல் விஷயம்: யாராவது கோடை அழிச்சாங்களா? இல்லன்னார். பெரிய நிம்மதி. நம்ம ஊர்ல பாதி இடத்துல முதல் வைத்தியம், பேட்டரி டெர்மினலைக் கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டறதுதான். லைட் போயிடும், கூடவே சாட்சியும் போயிடும்.

கோடு பதிவாகும்போது ஈசியூ ஒரு போட்டோ மாதிரி எடுத்து வச்சுக்கும். அதுக்குப் பேரு ஃப்ரீஸ் ஃப்ரேம். அந்த நொடியில வேகம் என்ன, ஆர்பிஎம் என்ன, தண்ணி சூடு என்ன, இன்ஜின் மேல பாரம் எவ்வளவுன்னு எல்லாம் அதுல இருக்கும். இதைப் பார்க்க ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்தான் வேணும்னு இல்ல. சில நூறு ரூபாயில இருந்து ரெண்டாயிரம் வரைக்கும் ப்ளூடூத் அட்டாப்டர் கிடைக்குது, போன்ல ஒரு ஆப் போதும். ஒரே எச்சரிக்கை: இதுல பெரும்பாலானது ஈஎல்எம் 327-ங்கற கனடா கம்பெனி சிப்போட காப்பி. முதல் வெர்ஷனுக்குப் பூட்டுப் போடாம விட்டுட்டாங்க, உலகமே காப்பி அடிச்சிடுச்சு. ரொம்ப மலிவானது சில கார்கள்ல கனெக்டே ஆகாது. திருப்பிக் கொடுக்க முடியற கடையில வாங்குங்க. வேலை முடிஞ்சதும் கழட்டிடுங்க, சொருகியே விட்டா பேட்டரியைக் குடிக்கும்.

தம்பி ஒண்ணு வாங்கிப் போட்டார். எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். ஃப்ரீஸ் ஃப்ரேம்ல வேகம் 78, இன்ஜின் நல்ல சூட்டுல இருக்கு. இது கன்வர்ட்டர் டெஸ்ட் நடக்கிற சூழ்நிலைதான், ஆச்சரியம் இல்ல. ஆச்சரியம் இன்னொரு வரியில இருந்தது. கோடு கடைசியா அழிக்கப்பட்ட பிறகு ஓடின தூரம்னு சில வண்டிகள் காட்டும். அது 1,940 கிலோமீட்டர்னு இருந்துச்சு. வாங்கினதுல இருந்து எவ்வளவு ஓட்டினீங்கன்னு கேட்டேன். வாங்கின அன்னிக்கு எடுத்த மீட்டர் போட்டோ அவர்கிட்ட இருந்துச்சு. கழிச்சுப் பார்த்தா 1,900 சொச்சம்.

புரியுதா? இவர் கைக்கு வர்றதுக்கு முப்பது நாப்பது கிலோமீட்டருக்கு முன்னாடி யாரோ மெமரியை அழிச்சிருக்காங்க. பேட்டரி மாத்தினாலும் அந்த எண் பூஜ்யமாகும், அதனால குற்றம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா விக்கறதுக்கு முந்தின நாள் பேட்டரி மாத்தறவங்க எத்தனை பேர்?

அப்புறம் ஏன் நாலு மாசம் லைட் வரல? ஈசியூ இந்த டெஸ்ட்டை எப்ப வேணா செய்யாது. இன்ஜின் நல்லா சூடாகி, கொஞ்ச நேரம் ஒரே சீரான வேகத்துல ஓடணும். ஓஎம்ஆர் சிக்னல்ல நின்னு நின்னு போற வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைச்சிருக்காது. ஊருக்குக் கிளம்பின அன்னிக்குத்தான் முதல் தடவை கிடைச்சிருக்கு. ஒரு தடவை ஃபெயில் ஆனாலும் லைட் எரியாது, பெண்டிங்னு குறிச்சு வச்சுக்கும். அடுத்த ஓட்டத்துலயும் ஃபெயில் ஆனாத்தான் லைட். சென்னையில இருந்து திண்டிவனம் வரைக்கும் ஒரு ஓட்டம். டீ குடிக்க ஆஃப் பண்ணினாரே, அதுக்கப்புறம் ரெண்டாவது ஓட்டம். காடாம்புலியூர்ல லைட். அந்த டீயைக் குடிக்காம இருந்திருந்தா திரும்பிப் போற வழியில எரிஞ்சிருக்கும், அவ்வளவுதான்.

கடைசியில என்ன கிடைச்சது

வடக்குத்து மெயின் ரோட்டுல சின்னதா ஷெட் வச்சிருக்கிற ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட தம்பியை அப்பா கூட்டிட்டுப் போயிருக்கார். ஸ்கேனர் பெருசா ஒண்ணும் இல்ல. காலையில இன்ஜின் ஆறியிருக்கும்போதே வரச் சொல்லியிருக்கார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, சைலன்சர் வாயை ஒரு தடிமனான துணியால கொஞ்ச நேரம் அடைச்சுப் பிடிச்சிருக்கார். கீழ ஒரு இணைப்புல "ஸ்ஸ்ஸ்"னு சத்தம். பக்கத்துல கரி படிஞ்ச கறுப்புத் தடம். சோப்புத் தண்ணி தெளிச்சா கொப்பளம். கேஸ்கட் போயிருக்கு, ஒரு போல்ட் துருப்பிடிச்சு உடைஞ்சிருக்கு. வேலைக் கூலியோட ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சது.

கோடை அழிச்சிட்டு, சென்னைக்குத் திரும்பினார். வழியில அக்கா கையில போனைக் கொடுத்து பின்னாடி சென்சாரைப் பார்த்துட்டே வரச் சொல்லியிருக்கார். 0.65 பக்கத்துல நின்னுது. அதைவிட முக்கியம், கன்வர்ட்டர் டெஸ்ட் "முடிந்தது"ன்னு ஆப் காட்டுச்சு, பெண்டிங்ல ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் ஒரு தடவை ஊருக்குப் போயிட்டு வந்துட்டார். லைட் வரல.

எல்லாருக்கும் இப்படி ரெண்டாயிரத்துல முடியாது. 1,50,000 கிலோமீட்டர் ஓடின வண்டின்னா கன்வர்ட்டரே போயிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. என்னோட வாதம், பெரிய பில்லுக்கு முன்னாடி சின்ன டெஸ்ட்டைச் செய்யச் சொல்லிக் கேட்கணும்ங்கறதுதான். "எப்படி உறுதி பண்ணீங்க?"ன்னு கேளுங்க. "ஸ்கேனர் சொல்லுச்சு"ங்கறது பதில் இல்ல.

அடிக்கடி வர்ற மத்த கேள்விகள்

பி0301, 0302 மாதிரி கோடு வந்தா கடைசி எண் சிலிண்டர் நம்பர். ஒண்ணாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர்னா, அதோட இக்னிஷன் காயிலைக் கழட்டி ரெண்டாவதுல போட்டு, அங்க இருக்கறதை இங்க போடுங்க. கோடு 0302-க்கு மாறினா காயில்தான் திருடன். மாறலன்னா பிளக், இன்ஜெக்டர்னு அடுத்து போகலாம். காசு செலவில்லாத டெஸ்ட்.

பி0171, அதாவது காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. இந்தக் கேள்வி இப்ப நிறைய வருது. கூடவே "இ20 பெட்ரோலாலயா?"ன்னும் கேட்கறாங்க. எத்தனால்ல ஏற்கனவே ஆக்சிஜன் இருக்கு. சாதா பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும், இ20-க்கு சுமார் 13.5 போதும். அதனால ஈசியூ கொஞ்சம் அதிகமா எரிபொருள் விடணும். நல்ல நிலைமையில இருக்கிற வண்டி இதைச் சத்தமில்லாம சமாளிச்சிடும். ஆனா ஏற்கனவே ஒரு ரப்பர் ஹோஸ் வெடிச்சுக் காத்து கசியற பழைய வண்டின்னா, இதுவும் சேர்ந்து எல்லையைத் தாண்ட வச்சிடலாம். அதனால பெட்ரோலைத் திட்டறதுக்கு முன்னாடி ஆப்ல ஃப்யூவல் ட்ரிம் பாருங்க. ஐடிலிங்ல எண் ரொம்ப ஏறி, 2,500 ஆர்பிஎம்ல இறங்கினா காத்துக் கசிவு. தலைகீழா இருந்தா, அதாவது அழுத்தினாத்தான் ஏறுதுன்னா, ஃப்யூவல் பம்ப், ஃபில்டர் பக்கம் பாருங்க.

நெய்வேலி பக்கம் ஓட்டறவங்களுக்கு ஏர் ஃபில்டர் பத்தித் தனியா சொல்லணும். நிலக்கரித் தூளும் ரோடு வேலைத் தூசியும் சேர்ந்தா, புக்குல போட்டிருக்கிற கிலோமீட்டர் வரைக்கும் காத்திருக்காதீங்க. டீசல் கார்கள்ல காத்தை அளக்கிற சென்சாருக்குள்ள சூடான மெல்லிய கம்பி இருக்கும். தூசி படிஞ்சா தப்பா அளக்கும். அதுக்குன்னே விக்கிற ஸ்ப்ரேயை மட்டும் அடிங்க. துணி, பிரஷ், கார்புரேட்டர் கிளீனர் எதுவும் ஆகாது. சின்ன பெட்ரோல் கார் பலதுல இந்தச் சென்சாரே கிடையாது, அழுத்தத்தை அளக்கற வேற சென்சார்தான். இல்லாத பொருளை கிளீன் பண்ணினதா பில் வந்தா கேள்வி கேளுங்க.

அப்புறம் எலி. இதைச் சொன்னா சிரிக்கறாங்க. மரம், தோட்டம்னு இருக்கிற டவுன்ஷிப் வீடுகள்ல வண்டியை ஒரு வாரம் நிறுத்தி வச்சா, திடீர்னு சம்பந்தமே இல்லாத நாலஞ்சு கோடு ஒண்ணா வரும். நாலஞ்சு சென்சாரும் ஒரே நாள்ல சாகாது. பானட்டைத் திறந்து ஒயரைப் பாருங்க. ஒயர் நல்லா இருந்தா பேட்டரி வோல்டேஜ், எர்த் ஒயர். பேட்டரி பலவீனமானாலும் இப்படிக் கூட்டமா கோடு வரும்.

யூடியூப் பார்த்துட்டு "பெட்ரோல் மூடியை இறுக்கினா லைட் போயிடும்"னு நம்பறவங்களுக்கு: அது அமெரிக்கக் கதை. அங்க டேங்க்ல ஆவி கசியுதான்னு கார் தானே டெஸ்ட் பண்ணணும். நம்ம விதி ஐரோப்பிய வழியில வந்தது, பெரும்பாலான வண்டிகள்ல அந்த டெஸ்ட் இல்ல. மூடியை இறுக்குங்க, தப்பில்ல. லைட் போகும்னு காத்திருக்காதீங்க.

பிஎஸ் 6 டீசல் வச்சிருக்கறவங்களுக்கு டிபிஎஃப் லைட். கரியைப் பிடிச்சு வச்சுக்கற ஃபில்டர் அது. சுமார் 600 டிகிரிக்குப் போனாத்தான் கரி எரிஞ்சு சுத்தமாகும். தினமும் டவுன்ஷிப்புக்குள்ள நாலு கிலோமீட்டர் போயிட்டு வந்தா அந்தச் சூடு வரவே வராது. லைட் வந்த உடனே, ஹைவேல 60-க்கு மேல சீரா இருபது நிமிஷம் ஓட்டுங்க, நடுவுல நிறுத்தாதீங்க. வடக்குத்துல இருந்து பண்ருட்டி போயிட்டு வந்தா போதும், பலாப்பழமும் வாங்கிட்டு வரலாம். லைட்டைக் கண்டுக்காம விட்டா இந்த வழியும் அடைபட்டு ஒர்க்‌ஷாப்தான்.

செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்களுக்கு

தம்பி கதையில எனக்கு மனசுல நின்னது இதான். சாவியைத் திருப்பி ஆன்ல வைங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. இன்ஜின் லைட் எரியணும். எரியலன்னா யாரோ பல்பையே செயலிழக்க வச்சிருக்காங்க. ஸ்டார்ட் பண்ணதும் அணையணும். அடுத்து அட்டாப்டரைச் சொருகி, டெஸ்ட்கள் எல்லாம் முடிஞ்சிருக்கான்னு பாருங்க. ஆப்ல ரெடினஸ்னு இருக்கும். பாதி டெஸ்ட் "முடியவில்லை"ன்னு காட்டினா, சமீபத்துல மெமரி அழிஞ்சிருக்கு. கலிஃபோர்னியாவுல இப்படி வந்தா புகைச் சோதனையில பாஸ் போட மாட்டாங்க. நீங்களும் போடாதீங்க. "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டுத் திரும்பக் காட்டுங்க"ன்னு சொல்லுங்க, இல்ல அந்தச் சந்தேகத்தை விலையில கழிங்க. வெள்ளம் வந்த வருஷங்கள்ல ஓடின வண்டின்னா இன்னும் உஷார். 2023 டிசம்பர்ல மிக்ஜாம், 2024-ல ஃபெஞ்சல்னு தண்ணியில நின்ன வண்டிகள் நிறைய கைமாறியிருக்கு. கார்ப்பெட்டைத் தூக்கி, சீட்டுக்கு அடியில இருக்கிற கனெக்டர்ல பச்சை படிஞ்சிருக்கான்னு பாருங்க. அந்த வண்டி இன்னிக்கு ஒரு கோடும் காட்டாம இருக்கலாம், அடுத்த வருஷம் வாரத்துக்கு ஒண்ணு காட்டும்.

தம்பி, வண்டியை வித்தவருக்கு போன் பண்ணி அந்த 1,940 கணக்கைச் சொல்லியிருக்கார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம், "லைட் வந்துட்டு வந்துட்டுப் போகும் தம்பி, வண்டி நல்ல வண்டி"ன்னு பதில். கேஸ்கட் காசுல பாதியை அனுப்பிட்டாராம்.

அடுத்த வாரம் ஏபிஎஸ் லைட், ஏர்பேக் லைட் ரெண்டையும் எடுத்துக்கறேன். உங்க மீட்டர்ல ஏதாவது எரிஞ்சா ஒரு போட்டோ எடுத்து, கோடை அழிக்காம, அனுப்புங்க. வண்டி ஓட்டிட்டே போட்டோ எடுக்காதீங்க, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கொடுங்க. வர்றேன்.